சணலும் தகரமும் கொண்டு அலை பிடித்தவர்

இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



கம்பியில்லாத் தந்தியைக் கண்டுபிடித்தவர் யார்? மார்க்கோனி. செடிக்கு உணர்ச்சி உண்டு என்று காட்டியவர் யார்? ஜெகதீஷ் சந்திர போஸ். இந்த இரண்டு கேள்வி பதிலோட நம்ம பொது அறிவு முடிஞ்சு போகுது. ஆனால் இரண்டாவது பதிலில் வருகிற மனிதருக்கு முதல் கேள்வியிலும் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் பார்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

பாடசாலைப் பிள்ளை

ஜெகதீஷ் சந்திர போஸ் 1858 நவம்பர் 30-ல் பிறந்தார். ஊர் மைமன்சிங், இன்றைய வங்காளதேசத்தில் இருக்கிறது. தந்தை பகவான் சந்திர போஸ் வெள்ளைக்காரர் அரசாங்கத்தில் டெப்டி மாஜிஸ்திரேட். அந்தஸ்து உள்ள வீடு. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அந்தக் காலத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம்தான் போவார்கள். ஆனால் இந்தத் தந்தை மகனைத் தாய்மொழியில் சொல்லித் தரும் வங்காளிப் பாடசாலைக்கு அனுப்பினார். முதலில் தன் மொழி, தன் மக்கள், பிறகுதான் இங்கிலீஷ் என்பது அவர் கொள்கை. பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள் யார் தெரியுமா? மீனவர் மகன், குடியானவர் மகன், வீட்டுச் சேவகர் மகன். மீனைப் பற்றியும் செடி கொடியைப் பற்றியும் அவர்கள் சொன்ன கதைகள்தான் அவருக்கு முதல் விஞ்ஞானப் பாடம்.

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து, முதல் செமஸ்டர் புத்தகத்தைத் திறந்ததும் மிரண்டுபோன தோழர்கள் நம்மில் பலர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டி வந்த முதல் ஆள் நான்தான். அதனால் இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்குத் தனி சந்தோஷம். தாய்மொழியில் தொடங்கிய படிப்பு அந்த மனுஷனை எங்கேயும் தடுத்து நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர்ஸ். அங்கே லஃபோன் பாதிரியார் என்ற ஆசிரியர் பௌதிகத்தைச் சோதனை செய்து காட்டியே நடத்தினார். போஸுக்கு ஆசை அதில் விழுந்தது. 1880-ல் டாக்டருக்குப் படிக்க லண்டன் போனார். தந்தை தொழில்களில் பணம் போட்டு நஷ்டப்பட்டிருந்த நேரம் அது. மகன் படிப்புக்காகத் தாய் தன் நகைகளைத் தர முன்வந்தார். நகை அடகுக் கடைக்குப் போய்த்தான் நம்மில் பல பேருக்கு அட்மிஷன் நடந்தது. அந்தத் தாயை நமக்குப் புரியும்.

லண்டனில் காய்ச்சல் விடாமல் வாட்டியது. பிணத்தை அறுத்துப் படிக்கும் அறையின் நெடி அதை இன்னும் மோசமாக்கியது. டாக்டர் படிப்பை விட்டுவிட்டுக் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற லார்டு ரேலி. 1884-ல் பட்டத்தோடு வெளியே வந்தார்.

சம்பளம் வாங்காத வாத்தியார்

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஆனால் வேலையோடு ஓர் அவமானமும் சேர்ந்து வந்தது. வெள்ளைக்காரப் பேராசிரியர் வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. அதிலும் இவர் தற்காலிகம் என்று சொல்லிப் பாதியைக் குறைத்தார்கள். கடைசியில் மிச்சம் மூன்றில் ஒரு பங்கு!

போஸ் வேலையை விடவில்லை. சம்பளத்தைத்தான் விட்டார். மூன்று வருஷம் ஒரு பைசா வாங்காமல் தினமும் போய்ப் பாடம் நடத்தினார். வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கிறது. 1887-ல் கல்யாணமும் ஆயிற்று. மனைவி அபலா நம் சென்னையில் மருத்துவம் படித்தவர். கல்கத்தாவில் பெண்களுக்கு இடம் தராததால் 1882-ல் மெட்ராஸ் வந்து சேர்ந்தவர். உடல்நிலை காரணமாகப் படிப்பை முடிக்க முடியவில்லை. அவரும் கணவரோடு சேர்ந்து அந்தக் கஷ்டத்தைத் தாங்கினார். முடிவில் நிர்வாகம் இறங்கி வந்தது. முழுச் சம்பளம், அதுவும் சேர்ந்த நாளிலிருந்து கணக்குப் போட்டு மொத்தமாகக் கொடுத்தார்கள். அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்கப் போனது.

24 சதுர அடி லேப்

1864-ல் மேக்ஸ்வெல் கணக்குப் போட்டுச் சொன்ன மின்காந்த அலையை, 1887-88-ல் ஹெர்ட்ஸ் ஜெர்மனியில் உண்டாக்கிக் காட்டினார். 1894 முதல் நாளில் ஹெர்ட்ஸ் இறந்துபோனார். அவர் வேலையைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் எழுதியதைப் போஸ் படித்தார். அதே வருஷம் தன் 36-வது பிறந்த நாளில், இனி ஆராய்ச்சிதான் என்று தீர்மானம் செய்தார்.

லேப் எங்கே? கல்லூரியில் குளியலறையை ஒட்டி 24 சதுர அடியில் ஒரு சின்ன அறை. சோதனைச் செலவு சொந்தக் கைக்காசு. கருவி செய்ய ஆள்? உள்ளூர்த் தகர வேலைக்காரர் ஒருவர். படம் போட்டுக் காட்டி, தட்டச் சொல்லி, வளைக்கச் சொல்லி, அவரை வைத்தே உலகத் தரத்தில் கருவி செய்துகொண்டார்.

அவர் எடுத்த முதல் முடிவே பெரிய முடிவு. ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைகள் நீளமானவை. 66 சென்டிமீட்டரும் அதற்கு மேலும். அதை வைத்து ஒளியைப் போல் சோதனை செய்ய வேண்டுமென்றால் ஆள் உயரத்துக்குக் கண்ணாடியும் பட்டகமும் வேண்டும். சின்ன அறையில் அதற்கு ஏது இடம்? போஸ் அலையையே சின்னதாக்கினார். சின்னஞ்சிறு உலோகக் குண்டுகளுக்கு நடுவே தீப்பொறி விட்டு 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அலைவரை கொண்டுவந்தார். அதிர்வெண் கணக்கில் 60 கிகா ஹெர்ட்ஸ்! இன்றைக்கு நாம் மில்லிமீட்டர் அலை என்று சொல்கிற பகுதி அது. அலை சிறுத்ததும் கருவியும் சிறுத்தது. மொத்தமும் மேஜை மேலே அடங்கியது.

1895 மே மாதம் வங்காள ஆசியச் சங்கத்தில் முதல் கட்டுரை. அதே வருஷம் கல்கத்தா டவுன் ஹாலில் மக்கள் முன்னால் சோதனை. அலை மூன்று சுவர்களையும், தலைமை தாங்கிய லெப்டினன்ட் கவர்னரின் உடம்பையும் தாண்டி 75 அடி தூரம் போய் மணியை அடித்தது, வெடிமருந்தை வெடிக்க வைத்தது. நடுவில் ஒரு கம்பியும் கிடையாது.

ரயில் டைம் டேபிளும் சணல் கயிறும்

நான் ரொம்ப ரசித்த பகுதி இது. அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்று பிரித்துப் பார்க்க ஒரு கருவி வேண்டும். போஸ் பிராட்ஷா என்ற ரயில்வே டைம் டேபிள் புத்தகத்தை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் நடுவே வெள்ளீயத் தகட்டுத் தாள்களைச் செருகினார். தாள்களுக்கு இணையாக அதிரும் அலை நின்றுவிடும். குறுக்காக அதிரும் அலை போய்விடும். போலரைசர் ரெடி!

இன்னொன்று. சணலை முறுக்கி, வலப்பக்க முறுக்கு ஒரு கட்டு, இடப்பக்க முறுக்கு ஒரு கட்டு என்று செய்தார். முறுக்குக்கு ஏற்ப அலையின் அதிர்வுத் தளம் திரும்பியது. சர்க்கரைக் கரைசல் ஒளியைத் திருப்புவதற்கு இதை மாதிரியாகக் காட்டினார். நம் கள்ளக்குறிச்சிக் காரங்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குப் போகிற கரும்பு எத்தனை சதவீதம் சர்க்கரை என்று லேபில் பார்க்கிறார்களே, அந்தக் கருவி வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான். சாறு ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்று பார்த்துச் சர்க்கரையைக் கணக்கிடுகிறார்கள். அங்கே ஒளியும் சர்க்கரையும். போஸ் அறையில் ரேடியோ அலையும் சணலும்.

குழாய் வழியே அலையை அனுப்பும் வேவ்கைடு, புனல் வடிவ ஹார்ன் ஆன்டெனா, இரட்டைப் பட்டகத்தால் அலையின் வலிமையைக் குறைக்கும் அமைப்பு ஆகியவற்றையும் அவர் 1890-களிலேயே கையாண்டார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இவற்றை விளக்கிப் பேசினார்.

டையோடுக்குத் தாத்தா

அலையை உண்டாக்கினால் போதுமா? வந்து சேர்ந்ததா என்று தெரிய வேண்டாமா? அந்தக் காலத்தில் அதற்குக் கோஹியரர் என்ற கண்ணாடிக் குழாய் இருந்தது. உள்ளே உலோகத் தூள். அலை பட்டால் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும். மறுபடி வேலை செய்ய வேண்டுமானால் தட்டிவிட வேண்டும். கல்கத்தாவின் ஈரக் காற்றில் அது இன்னும் மக்கர் பண்ணியது. போஸ் தூளை எடுத்துவிட்டு நுண்ணிய சுருள் கம்பிகளை வைத்தார். பிறகு எண்ணெய்ப் படலம் போட்ட பாதரசத்தின் மேல் இரும்பு தொடும் அமைப்பைச் செய்தார். தட்டத் தேவையில்லை, தானே பழைய நிலைக்கு வரும். இதை 1899-ல் ராயல் சொசைட்டியில் வெளியிட்டார்.

அடுத்தது கெலீனா. ஈயமும் கந்தகமும் சேர்ந்த பளபளப்பான தாது. இப்படிப்பட்ட தாதுக்கள் ஒரு பக்கம் மட்டும் மின்சாரத்தை நன்றாக விடும் என்று 1874-லேயே பெர்டினாண்ட் பிரவுன் பார்த்திருந்தார். அத்தகைய தாதுவை ரேடியோ அலை பிடிக்கப் பயன்படுத்தலாம் என்று காட்டி முதல் பேட்டன்ட் வாங்கியவர் போஸ். 1901-ல் விண்ணப்பித்தது, 1904 மார்ச் 29-ல் அமெரிக்காவில் கிடைத்தது, எண் 755,840. செமிகண்டக்டர் கருவிக்குக் கிடைத்த ஆரம்பகாலப் பேட்டன்ட்களில் இது முக்கியமானது. ஜங்ஷன் டையோடு வரைகிற நாம் எல்லோரும் இந்தத் தாத்தாவுக்குக் கடன்பட்டவர்கள். டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவரான வால்டர் பிராட்டனே போஸின் முதலிடத்தை எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

மார்க்கோனி திருடினாரா?

டீக்கடையில் பேச்சு வந்தால் இப்படித்தான் சொல்வார்கள்: போஸ் கண்டுபிடிச்சதை மார்க்கோனி சுட்டுட்டான்! உண்மை அவ்வளவு சுலபம் இல்லை. போஸின் நோக்கம் அலையின் குணத்தை ஆராய்வது. செய்தியைத் தூரத்துக்கு அனுப்பும் தொழில் அவர் நோக்கம் அல்ல. மார்க்கோனி 1896-ல் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்து, பெரிய ஆன்டெனா, நீண்ட அலை, கம்பெனி, முதலீடு என்று வேறு வழியில் போனார். நீண்ட அலைதான் தடையைச் சுற்றி வளைந்து வெகுதூரம் போகும். 5 மில்லிமீட்டர் அலை நேர்கோட்டுக்காரன். காற்றிலுள்ள ஆக்சிஜனே அதை விழுங்கிவிடும். அலை சின்னதாக ஆகக் குறுக்கே நிற்பதெல்லாம் நிழல் போடும். செல்போன் அலைக்கே மலை நிழல் போடுகிறது. கல்வராயன் மலை மடிப்புக்குள் இருக்கிற ஊர்க்காரர்கள் போன் பேச மேட்டுக்கு ஏன் ஏறுகிறார்கள் என்று யோசித்தால் இது புரியும்.

ஆனால் ஒன்று. 1901 டிசம்பரில் அட்லாண்டிக் தாண்டி வந்த சிக்னலை மார்க்கோனி கேட்டது ஒரு பாதரசக் கோஹியரரில். அது இத்தாலியக் கடற்படை வழியாக அவர் கைக்கு வந்தது. அதன் மூலம் போஸ் 1899-ல் வெளியிட்ட அமைப்புதான் என்று 1998-ல் ஐ.ஈ.ஈ.ஈ. இதழில் பிரபீர் பந்தோபாத்யாய என்ற ஆராய்ச்சியாளர் வாதாடினார். 1909 நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் போனது. போஸுக்கு அதில் பங்கு இல்லை.

பேட்டன்ட் வேண்டாம் என்றவர்

1901-ல் லண்டனில் ஒரு தந்திக் கம்பெனி முதலாளி பேட்டன்ட் பத்திரத்தோடு வந்து, லாபத்தில் பாதி தருகிறேன் என்று கெஞ்சினார். போஸ் மறுத்துவிட்டார். பண ஆசையில் சிக்கினால் மீள முடியாது என்று நண்பர் தாகூருக்குக் கடிதம் எழுதினார். கெலீனா பேட்டன்ட்கூடச் சகோதரி நிவேதிதையும் சாரா புல் என்ற அமெரிக்கப் பெண்மணியும் வற்புறுத்தியதால் எடுத்தது. அதையும் அவர் பயன்படுத்திக்கொள்ளாமல் காலாவதியாக விட்டுவிட்டார்.

பெரியவர்கள் இதைத் தியாகம் என்று புகழ்வார்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அறிவு எல்லோருக்கும் பொது என்பது உயர்ந்த எண்ணம்தான். ஆனால் நீங்கள் விட்டுக்கொடுத்தது ஏழைக்குப் போகவில்லையே, கம்பெனிக்குத்தானே போனது? மூன்று வருஷம் சம்பளத்துக்காகப் போராடியவருக்கு உழைப்பின் விலை தெரியாதா என்ன? கடன் வாங்கிப் படிக்க வைத்த வீட்டிலிருந்து வருகிற நாம், நம் கையால் செய்ததற்கு விலை கேட்பது பாவம் இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். செமிகண்டக்டர் விஷயத்தில் போஸ் முந்தியவர் என்று இன்று எதை வைத்துச் சொல்கிறோம்? வேண்டா வெறுப்பாக எடுத்த அந்த ஒரு பேட்டன்ட்டில் தேதி இருக்கிறது. ராயல் சொசைட்டிக் கட்டுரைகளில் தேதி இருக்கிறது. எழுத்தில் வைத்ததுதான் நின்றது.

பிற்காலம்

1900-க்குப் பிறகு அவர் கவனம் தாவரங்கள் பக்கம் போனது. செடியின் வளர்ச்சியைப் பல லட்சம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தார். மேல்நாட்டு விஞ்ஞானிகள் பலர் எதிர்த்தார்கள். 1915-ல் ஓய்வு. 1917-ல் சர் பட்டம். அதே வருஷம் தன் பிறந்த நாளில் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1920-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1937 நவம்பர் 23-ல், 79 வயது நிறைய ஏழே நாள் இருக்கும்போது கிரிதியில் காலமானார்.

அவர் விட்ட அலையை உலகம் மறுபடி எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் ஒரு ரேடியோ டெலஸ்கோப்பின் ரிசீவரில் அவருடைய இரட்டைப் பட்டக யோசனை பயன்பட்டது. 2022-ல் நம் நாட்டில் 5ஜிக்காக ஏலம் விட்டவற்றில் 26 கிகா ஹெர்ட்ஸ் மில்லிமீட்டர் அலையும் உண்டு. 2012-ல் ஐ.ஈ.ஈ.ஈ. அவர் வேலையை வரலாற்று மைல்கல்லாக அறிவித்தது.

நமக்கு என்ன?

லேபில் கருவி இல்லை, பஸ் வசதி இல்லை, இங்கிலீஷ் வராது என்று நாம் சொல்லும் காரணங்கள் பொய் இல்லை, நிஜம்தான். போஸுக்கும் அறை சின்னதாகத்தான் இருந்தது. அதற்கேற்ற அலையை அவர் தேடிக்கொண்டார். பெரிய டிகிரி இல்லாத தகர வேலைக்காரரைக் கூட வைத்துக்கொண்டார். அந்தத் தொழிலாளியின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. டிப்ளமோ படித்துவிட்டுக் கருவியைத் தொட்டு வேலை செய்யப் போகிற நாம் உண்மையில் அவருடைய வாரிசுகள். நம் பெயராவது ஏட்டில் இருக்கட்டும்!

ஆகவே நண்பர்களே, சீனியர் நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அது நம் காலேஜில் வேண்டாம். மீட்டர் என்ன காட்டியதோ அதை எழுதுவோம். தப்பாக வந்தாலும் அதையே எழுதுவோம். கீழே தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவோம். ரெக்கார்டு நோட்டின் ஒரு பக்கம்கூட நாளைக்குச் சாட்சி சொல்லலாம்.