தோமையார் எழுப்பிய மாளிகை

சென்னை மாநகரில், மயிலாப்பூரை அடுத்த கடற்கரை ஓரத்தில், வெண்ணிறக் கோபுரம் ஒன்று வானை நோக்கி உயர்ந்து நிற்கின்றது. அதுவே சாந்தோம் பேராலயத்தின் கோபுரம். சாந்தோம் என்னும் போர்ச்சுகீசியப் பெயருக்குப் புனித தோமையார் என்பது பொருள். அரசன் ஒருவனுக்கு மாளிகை கட்டித்தர ஒப்புக்கொண்டு, ஒரு கல்லையேனும் நாட்டாதவர் என்று பழங்கதை கூறும் ஒருவரின் பெயரை இத்துணைப் பெரிய கட்டடம் தாங்கி நிற்பது வியத்தற்குரியது அன்றோ!

தோமையார் பாலஸ்தீன நாட்டில் யூதர் குலத்தில் தோன்றியவர். இயேசு பெருமானின் பன்னிரு சீடருள் ஒருவர். தோமா என்னும் சொல் அரமேய மொழியில் இரட்டையருள் ஒருவரைக் குறிக்கும். அவர் அஞ்சா நெஞ்சினர். யூதேயாவுக்குச் சென்றால் பகைவரால் கேடு நேருமென்று ஏனைய சீடர்கள் தயங்கியபோது, தம் ஆசிரியரோடு தாமும் சென்று இறக்கத் துணிந்தவர் அவர். எனினும் எதனையும் கண்டு தெளிந்தாலன்றி ஏற்காத இயல்பும் அவரிடம் இருந்தது. சிலுவையில் மாண்ட இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்றவர் கூறியபோது, காயங்களைத் தொட்டுப் பார்த்தாலொழிய நம்பேன் என்று உறுதியாக மறுத்தார். எட்டு நாள்களுக்குப்பின் இயேசு பெருமான் அவர்முன் தோன்றித் தம் காயங்களைக் காட்டினார் என்றும், தோமையாரின் ஐயம் அக்கணமே அகன்றது என்றும் விவிலியம் கூறுகின்றது.

அதன்பின் சீடர்கள் பல நாடுகளுக்கும் பிரிந்து சென்றனர். தோமையாருக்குக் கிடைத்த பங்கு இந்தியா. 3-ஆம் நூற்றாண்டில் சிரிய மொழியில் எழுந்த நூலொன்று இச்செய்தியைச் சுவைபடக் கூறுகின்றது. முதலில் தோமையார் அந்நெடும் பயணத்திற்கு இசையவில்லை. பின்னர், கட்டடத் தொழில் வல்ல ஒருவரைத் தேடி வந்த வணிகனுடன் கப்பலேறிக் கோண்டோபாரஸ் என்னும் அரசனின் நாட்டை அடைந்தார். புதிய மாளிகை ஒன்று கட்டுமாறு அரசன் பெரும்பொருள் அளித்தான். அவர் தரையில் கோடிட்டு, வாயில் இங்கே, சாளரம் இங்கே என்று வகுத்துக் காட்டினார். ஆனால் அரசன் அளித்த பொருளையெல்லாம் ஏழைகளுக்கும் பிணியாளருக்கும் வழங்கிவிட்டார்.

சில காலம் கழித்து அரசன் மாளிகையைக் காண வந்தான். அங்கே வெற்றிடமே இருந்தது. மாளிகை எழுந்துவிட்டது, ஆனால் அதனை இம்மையில் காணவியலாது என்று தோமையார் விடை பகர்ந்தார். வெகுண்ட அரசன் அவரைச் சிறையிலிட்டான். அன்றிரவே இறந்த அரசனின் தம்பி, விண்ணுலகில் தன் தமையனுக்கென எழுந்திருந்த மாளிகையைக் கண்டு, உயிர் மீண்டு வந்து உரைத்தானாம். அரசனும் மனம் மாறித் தோமையாரை விடுவித்தான். கண்ணால் காணாததை நம்ப மறுத்த ஒருவர், கண்ணுக்குத் தெரியாத மாளிகையை நம்புமாறு ஓர் அரசனை வேண்டினார் என்பதே இக்கதையின் நயம்.

அந்த அரசனையும் கற்பனைப் படைப்பென்றே அறிஞர் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 19-ஆம் நூற்றாண்டில் பஞ்சாபிலும் காபூல் பள்ளத்தாக்கிலும் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் அப்பெயருடைய மன்னன் உண்மையிலேயே ஆண்டான் என்பது அவற்றால் விளங்கியது.

தோமையார் கி.பி. 52-இல் சேரநாட்டுக் கொடுங்கல்லூரில் வந்திறங்கினார் என்பது கேரளக் கிறித்தவர்களின் வழிவழி மரபு. பின்னர் அவர் கீழைக் கடற்கரைக்கு வந்து, சைதாப்பேட்டையை அடுத்த சின்னமலையில் தங்கினார் என்பர். கி.பி. 72-இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு உயிர் துறந்தார் என்றும், அவர் உடல் மயிலையில் அடக்கம் செய்யப்பட்டது என்றும் மரபு கூறும். அவர் எலும்புகளின் பெரும்பகுதி பின்னர் எதெஸ்ஸா நகருக்கும், 1258-இல் இத்தாலியின் ஓர்த்தோனா நகருக்கும் கொண்டு செல்லப்பட்டன என்பர். எனினும் மயிலைக் கல்லறையை மக்கள் மறக்கவில்லை. கிறித்தவரேயன்றி இசுலாமியரும் அதனைப் போற்றி வந்ததை, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ தம் நூலில் குறித்துள்ளார்.

1523-ஆம் ஆண்டளவில் போர்ச்சுகீசியர் அவ்விடத்தை அகழ்ந்து, கல்லறைமீது கோயில் எழுப்பினர். ஐரோப்பாவில் அது மறுமலர்ச்சிக் காலம். பண்டை உரோமரின் வட்ட வளைவுகளையும் தூண் வரிசைகளையும் குவிமாடங்களையும் கட்டடக் கலைஞர் மீண்டும் போற்றிய காலம். அப்போது உரோமையில், பேதுரு அடங்கிய இடத்தின்மேல் 1506-இல் தொடங்கிய மாபெரும் கோயில் வளர்ந்துகொண்டிருந்தது. அதன் குவிமாடத்தை மைக்கலாஞ்சலோ வகுத்தார். அக்கோயில் 1626-இல் திருநிலைப்படுத்தப்பட்டது. ஒரே ஆசிரியரின் சீடர் இருவருக்கு, உலகின் இரு மூலைகளில், ஒரே காலத்தில் கோயில்கள் எழுந்தன. மயிலைக் கோயில் அளவிற் சிறியது; ஆயினும் அதன் புகழ் பரவியது. 1545-இல் சவேரியார் அங்கு வந்து ஏறத்தாழ நான்கு மாதம் தங்கி வழிபட்டார். 1606-இல் மயிலை தனி மறைமாவட்டமாயிற்று. கோயிலும் ஆயரின் தலைமைக் கோயிலாக உயர்ந்தது.

முந்நூற்றெழுபது ஆண்டுகள் நின்ற அக்கோயில் 1893-இல் அகற்றப்பட்டது. ஆயர் ரீட் ட சில்வா காலத்தில் எழுந்த புதிய பேராலயம் 1896-இல் திருநிலைப்படுத்தப்பட்டது. பழைய கோயில் மறுமலர்ச்சிக் காலத்தது. புதியதோ அதற்கும் முற்பட்ட கோதிக் பாணியைத் தழுவியது. கூர்நுனி வளைவுகளும் உயர்ந்த சாளரங்களும் வண்ணக் கண்ணாடிகளும் அதற்கு அழகூட்டுகின்றன. அதன் பெருங்கோபுரம் 155 அடி உயரமுடையது. சிறுகோபுரமொன்று கல்லறை அமைந்துள்ள இடத்தைச் சுட்டுகின்றது. 1956-இல் இக்கோயில் பசிலிக்கா என்னும் சிறப்பையும் பெற்றது.

கல்லால் ஆன கோயில் ஒன்று அகன்றது. மற்றொன்று அதனிடத்தில் எழுந்தது. கோண்டோபாரஸ் மன்னனின் அரண்மனைகள் மண்ணோடு மண்ணாயின. அவன் பெயரை நாணயங்கள் காத்துத் தந்தன. ஏழைகளின் பசி தீர்த்துத் தோமையார் எழுப்பிய மாளிகையோ, கதை வடிவில், பல நூற்றாண்டுகளாகச் சிதையாது நிற்கின்றது. சாந்தோம் கோபுரத்தை அண்ணாந்து நோக்குவோர், கண்ணுக்குப் புலனாகாத அம்மாளிகையையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.