மலையேறிய மருத்துவர் சாமர்வெல்

கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த ஊர் காரக்கோணம். அங்குள்ள மருத்துவக் கல்லூரி டாக்டர் சாமர்வெல்லின் நினைவாகப் பெயர் பெற்றது. அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

தியோடர் ஹோவர்டு சாமர்வெல் 1890ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று அறுவை மருத்துவரானார். முதல் உலகப் போரில், 1916ஆம் ஆண்டு சோம் போர்க்களத்தின் அருகே பணியாற்றினார். காயமுற்ற வீரர்கள் பல ஏக்கர் பரப்பில் கிடத்தப்பட்டிருந்தனர். அவர்களுள் யாருக்கு முதலில் சிகிச்சை அளிப்பது என்பதை மருத்துவர்கள் நொடிப்பொழுதில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. நோயாளியைக் கூர்ந்து நோக்குவது எத்தனை இன்றியமையாதது என்பதை அவர் அங்கே கண்டார்.

1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணம் முடிந்தபின், இந்தியாவைச் சுற்றிப் பார்த்த சாமர்வெல், அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நெய்யூருக்கு வந்தார். அங்கிருந்த மருத்துவமனையில் நோயாளிகள் திரண்டிருந்தனர், மருத்துவர்களோ போதவில்லை. அக்காட்சி அவர் உள்ளத்தை உருக்கியது. நெய்யூரையே தம் பணிக்களமாகத் தேர்ந்துகொண்டார்.

1924ஆம் ஆண்டு மீண்டும் எவரெஸ்ட் ஏறினார். ஜூன் 4ஆம் நாள், நார்ட்டன் என்னும் தோழருடன், ஆக்சிஜன் உருளையின் துணையின்றி ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தை அடைந்தார். ஓய்வாக இருப்பவரின் நாடி நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும். மூச்சு 12 முதல் 20 வரை இருக்கும். அவ்வுயரத்தில் அவருடைய நாடி 160ஐயும் மூச்சு 50ஐயும் தாண்டின. அதனை அவரே எண்ணிக் குறித்துக்கொண்டார்.

இறங்கும்போது பேராபத்து நேர்ந்தது. கடுங்குளிரால் புண்பட்ட தொண்டையின் உட்சவ்வு உரிந்து மூச்சுக்குழலை அடைத்தது. முன்னே சென்ற நார்ட்டனை அழைக்கக் குரல் எழவில்லை. சாமர்வெல் படம் வரைவதில் வல்லவர். ஆதலால், அவர் ஓவியம் தீட்ட நின்றிருப்பார் என்றெண்ணி நார்ட்டன் நடந்துகொண்டிருந்தார். பனியில் அமர்ந்து இறப்பை எதிர்நோக்கிய சாமர்வெல், இறுதி முயற்சியாகத் தம் மார்பை இரு கைகளாலும் ஓங்கி அழுத்தினார். அடைப்பு வெளியேறியது, உயிர் மீண்டது.

மாணவர்களே, இங்கே சற்று எண்ணிப் பாருங்கள். நண்பர் அருகிலேயே இருந்தார், அன்பும் இருந்தது. ஆயினும், ஆபத்தை உணர்த்த வழி இல்லை. மருத்துவமனைப் படுக்கையிலும் இவ்வாறு நேர்வதுண்டு. நோயாளியின் நிலை மோசமாவதற்குச் சில மணி நேரம் முன்னரே மூச்சும் நாடியும் பெரும்பாலும் மாறத் தொடங்கும். ஆனால் உறங்குபவரால் அதைச் சொல்ல இயலாது. பல நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியரால் ஒவ்வொருவர் அருகிலும் இடைவிடாது நிற்கவும் இயலாது.

இக்குறையைப் போக்கவே இன்று தானியங்கிக் கருவிகள் வந்துள்ளன. விரல்நுனியில் மாட்டும் கருவி, நாடியையும் குருதியிலுள்ள ஆக்சிஜன் அளவையும் காட்டுகிறது. பெங்களூரில் உருவான டோசி என்னும் கருவியின் விரிப்பை மெத்தைக்கு அடியில் வைத்தால், இதயமும் மூச்சும் எழுப்பும் நுண்ணதிர்வுகளை அது உணரும். அளவுகள் மாறினால் செவிலியருக்கு எச்சரிக்கை செல்லும். எனினும், கருவியால் அழைக்கத்தான் முடியும். ஓடிவந்து உயிர் காப்பது மனிதரின் கடமை.

சாமர்வெல் இருபது ஆண்டுகளுக்கு மேல் நெய்யூரில் தொண்டாற்றினார். பின்னர் 1949 முதல் 1961 வரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்தார். 1975ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மறைந்தார். கேட்காத குரலையும் உணரும் கனிவே அவர் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம்.

வினாக்கள்

1. சாமர்வெல் நெய்யூரைத் தம் பணிக்களமாகத் தேர்ந்தது ஏன்?
2. நார்ட்டன் திரும்பிப் பாராமைக்குக் காரணம் யாது?
3. உன் வீட்டில் நோயுற்றவரை நீ எவ்வாறு கவனிப்பாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.