கட்டுத் துணியும் சால்மன் மீனும்

பிள்ளைகளே, கோடை விடுமுறையில் பாசலுக்குப் போயிருக்கிறீங்களா? அங்கே வெயில் நாட்களில் பெரியவர்களும் சிறியவர்களும் ரைன் ஆற்றில் இறங்கி நீந்திப் போவார்கள். உடுப்பையும் சப்பாத்தையும் ஒரு பையில் போட்டு, தண்ணீர் புகாமல் வாயைச் சுருட்டி மூடி, அதையும் கூடவே கொண்டு போவார்கள். அந்தப் பை மீன் வடிவத்தில் இருக்கும். சிவப்பு மீன், நீல மீன், மஞ்சள் மீன் என்று ஆறு முழுக்கப் பை மீன்கள் மிதக்கும்.

இப்போது பை மீன். ஆனால் 150 வருடங்களுக்கு முன் அதே இடத்தில் உண்மையான சால்மன் மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. அந்த மீன்களுக்காக விடியற்காலையில் எழுந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு வேலை செய்த ஒருவரைப் பற்றித்தான் இந்தப் பாடம். அவருடைய பெயர் பிரீட்ரிக் மீஷர்.

மீஷர் 1844ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் தேதி பாசலில் பிறந்தார். அப்பா மருத்துவர், பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அம்மாவின் தம்பி வில்ஹெல்ம் ஹிஸ். அவரும் பேராசிரியர், உடலின் அமைப்பை ஆராய்ந்தவர். நம்முடைய வீடுகளில் தாய்மாமனுக்கு எவ்வளவு மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும்தானே? மீஷருக்கும் அப்படித்தான். என்ன யோசனை வந்தாலும் மாமாவுக்குத்தான் கடிதம் எழுதுவார்.

மீஷரும் மருத்துவம் படித்தார். 1868இல் படிப்பு முடிந்தது. ஆனால் அவருக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. இளமையில் வந்த நோயால் அவருக்குக் காது சரியாகக் கேட்காது. மருத்துவர் என்றால் நோயாளியின் நெஞ்சில் குழாயை வைத்து இதயம் அடிக்கும் சத்தத்தைக் கேட்க வேணும். மெதுவாகப் பேசும் நோயாளி சொல்வதும் விளங்க வேணும். காது கேட்காமல் என்ன செய்வது? இவ்வளவு வருடம் படித்தது வீணா?

மாமா ஒரு வழி சொன்னார். உடலில் இருக்கும் பொருட்களை வேதியியலால் ஆராயலாம், அதில் இன்னும் கண்டுபிடிக்காத விஷயங்கள் நிறைய இருக்கின்றன என்றார். ஆய்வுகூடத்தில் காதைவிடக் கண்ணுக்கும் கைக்கும்தானே வேலை அதிகம்!

அதனால் மீஷர் ஜெர்மனியில் உள்ள டியூபிங்கன் என்ற ஊருக்குப் போனார். அங்கே ஹொப்பே-சைலர் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். அவர்களுடைய ஆய்வுகூடம் எங்கே இருந்தது தெரியுமா? மலைமேல் உள்ள ஒரு பழைய கோட்டையில்! மீஷர் வேலை செய்த இடம் முன்பு அந்தக் கோட்டையின் சமையலறை.

நம் உடல் மிகச் சிறிய கலங்களால் ஆனது. இதை நீங்கள் பள்ளிக்கூடத்தில் டொச்சில் படித்திருப்பீங்கள். ஒவ்வொரு கலமும் என்ன பொருளால் ஆனது என்று அறிய மீஷர் ஆசைப்பட்டார். அதற்கு நிறையக் கலங்கள் தேவை. எங்கே எடுப்பது? பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே காயங்களில் கட்டிய துணிகளை அவருக்குக் கொடுத்தார்கள். புண்ணில் வரும் சீழ் அந்தத் துணிகளில் நிறைய ஒட்டியிருந்தது. நோய்க்கிருமிகளோடு சண்டை போடும் வெண்குருதிக் கலங்கள்தான் சீழில் மிகுதியாக இருக்கும்.

அருவருப்பா இருக்கா? எனக்கும்தான். ஆனால் மீஷர் அந்தத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உப்புக் கரைசலில் கழுவினார். மணம் மாறிக் கெட்டுப்போனதை எறிந்தார். நல்ல கலங்களை மட்டும் சேர்த்தார்.

அடுத்து, கலத்தின் நடுவில் இருக்கும் கருவை மட்டும் தனியாக எடுக்க வேணும். அதுவரை ஒருவரும் அதைச் சரியாகச் செய்யவில்லை. நம் வயிறு எப்படி இறைச்சியைக் கரைக்கிறது? வயிற்றில் பெப்சின் என்று ஒரு சாறு இருக்கிறது. அது புரதத்தைக் கரைக்கும். மீஷர் பன்றியின் வயிற்றிலிருந்து அந்தச் சாற்றை எடுத்துக் கலங்களில் விட்டார். சுற்றியிருந்த புரதம் கரைந்தது. கரு மட்டும் மிஞ்சியது.

அந்தக் கருவிலிருந்து ஒரு வெள்ளைப் பொருள் கிடைத்தது. அமிலம் விட்டால் பஞ்சு போல் திரண்டு அடியில் படிந்தது. காரம் விட்டால் மறுபடி கரைந்தது. (இந்தக் காரம் மிளகாய்க் காரம் இல்லை, பிள்ளைகளே! அமிலத்துக்கு எதிரான பொருளைத் தமிழில் காரம் என்று சொல்வோம்.) அது புரதமாக இருக்குமோ? இல்லை. பெப்சின் அதைக் கரைக்கவில்லை. அதில் பொசுபரசும் நிறைய இருந்தது. இது வேறு ஏதோ ஒன்று! 1869ஆம் ஆண்டு மீஷர் அதற்கு நியூக்ளீன் என்று பெயர் வைத்தார். கருவிலிருந்து வந்தது என்று அர்த்தம். இன்று நாம் அதை டிஎன்ஏ என்று சொல்கிறோம்.

பேராசிரியர் உடனே நம்பினாரா? இல்லை. இருபத்து நான்கு வயதுப் பையன் புதுப் பொருள் கண்டுபிடித்தேன் என்றால் யார்தான் நம்புவார்? ஹொப்பே-சைலர் எல்லாவற்றையும் தானே திரும்பச் செய்து பார்த்தார். பிறகுதான், 1871இல், மீஷரின் கட்டுரையைத் தன்னுடைய ஆய்வு இதழில் போட்டார். இரண்டு வருடம் காத்திருப்பது மீஷருக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பேராசிரியர் செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். நான் கணினிக்கு நிரல் எழுதும் வேலை செய்கிறேன். எங்களிடமும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் சோதித்துப் பார்க்காமல் வெளியே விடமாட்டோம்.

1872இல் மீஷர் பாசல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். முப்பது வயதுகூட ஆகவில்லை. பாசலில் கட்டுத் துணிக்குப் பதிலாக அவருக்கு இன்னும் நல்ல பொருள் கிடைத்தது. அதுதான் சால்மன். சால்மன் கடலில் வாழும் மீன். ஆனால் முட்டை இடுவதற்கு ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு மேலே வரும். அப்படி வட கடலிலிருந்து ரைன் வழியாகப் பாசலுக்கு வந்தன. வரும் வழியில் அவை சாப்பிடுவதே இல்லை! தங்கள் தசையைக் கரைத்தே முட்டையையும் விந்தணுவையும் உண்டாக்குகின்றன என்று மீஷர் கண்டுபிடித்தார். ஆண் மீனின் விந்தணுவில் தலை முழுக்கக் கிட்டத்தட்டக் கருதான். நியூக்ளீன் எடுக்க அதைவிட நல்ல பொருள் வேறு என்ன வேணும்?

ஒரே ஒரு பிரச்சினை. சூடு பட்டால் நியூக்ளீன் கெட்டுவிடும். அந்தக் காலத்தில் குளிர்சாதனப் பெட்டி ஏது? அதனால் குளிர்காலத்தில், நெருப்பு மூட்டாத அறையில், விடிவதற்கு முன்பே வேலையைத் தொடங்குவார். அவருடைய கல்யாண நாளன்று மாப்பிள்ளையைக் காணவில்லை, நண்பர்கள் தேடிப்போனால் ஆள் ஆய்வுகூடத்தில் நின்றார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

வேறு வேலைகளும் செய்தார். சிறையில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் சாப்பாடு போதுமா என்று பாசல் அரசு அவரிடம் கேட்டது. அதை ஆராய்வதில் அவருடைய நேரம் நிறையப் போனது, அது அவருக்குப் பிடிக்கவும் இல்லை. இன்னொன்று மூச்சைப் பற்றியது. பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கிப் பாருங்கோ. மூச்சு விட வேணும் போல் இருக்குதா? இரத்தத்தில் காபனீரொட்சைட்டு கூடுவதால்தான் அப்படி வருகிறது என்று 1885இல் மீஷர் காட்டினார்.

இனி ஒரு விசித்திரமான விஷயம். பிள்ளைகள் ஏன் அப்பா அம்மாவைப் போல இருக்கிறார்கள்? 1892இல் மீஷர் மாமாவுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் இதைப் பற்றி யோசித்தார். முப்பது எழுத்துகளுக்குள் எத்தனையோ மொழிகளின் சொற்களை எல்லாம் எழுதுகிறோம். அதுபோல ஒரு பெரிய மூலக்கூறில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்தாலே எல்லாச் செய்தியும் அடங்கிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. எவ்வளவு சரியான யோசனை! ஆனால் அந்த மூலக்கூறு புரதமாக இருக்கும் என்று நினைத்தார். தான் கண்டுபிடித்த நியூக்ளீன்தான் அது என்று அவர் நினைக்கவே இல்லை. விடையைக் கையில் வைத்துக்கொண்டே வேறு இடத்தில் தேடினார். இதைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் பாவமாக இருக்கும்.

ஓய்வில்லாத உழைப்பில் அவருடைய உடல் பலவீனமானது. காசநோய் வந்தது. டாவோஸ் மலையில் இருந்த மருத்துவ மனைக்குப் போனார். ஆனால் குணமாகவில்லை. 1895ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் தேதி அங்கேயே இறந்தார். வயது 51. இரண்டு வருடம் கழித்து, அவர் எழுதியவற்றை எல்லாம் சேர்த்துப் புத்தகமாக்கியது யார்? மாமாதான்.

பரம்பரைச் செய்தி டிஎன்ஏயில்தான் இருக்கிறது என்று 1944இல் அமெரிக்காவில் ஏவரி என்பவரும் அவருடைய நண்பர்களும் காட்டினார்கள். மீஷர் பிறந்து சரியாக நூறு வருடம்! டிஎன்ஏயில் நான்கே எழுத்துகள்தான். நமக்கோ 247. மழை என்று எழுதும்போது ஒரு எழுத்து மாறினால் மலை ஆகிவிடும், இல்லையா? டிஎன்ஏயிலும் அப்படித்தான். ஒரே ஒரு எழுத்து மாறினால்கூடச் சிவப்பு இரத்தக் கலங்கள் அரிவாள் போல வளைந்து, நோய் வரும். அதற்குப் பெயர் அரிவாள் கலச் சோகை.

நோய்கள் மூலக்கூறுகளில் எப்படித் தொடங்குகின்றன என்று ஆராய, 1970இல் பாசலில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதன் பெயரே பிரீட்ரிக் மீஷர் நிறுவனம். அங்கே வேலை செய்பவர்களுக்குக் கட்டுத் துணி கழுவும் வேலை இல்லை. குளிரூட்டும் பெட்டிகளும் நிறைய இருக்கின்றன.

அந்தச் சால்மன்களுக்கு என்ன ஆனது? ரைனில் அணைகள் கட்டினார்கள், ஆற்றில் கழிவும் கலந்தது. பாசலுக்கு மீன் வருவது நின்றுபோனது. 1986இல் பாசலுக்குப் பக்கத்தில் ஒரு இரசாயனக் கிடங்கு தீப்பிடித்தபோது ஆறே சிவப்பாக ஓடியது. அதன் பிறகு ஆற்றைச் சுத்தமாக்கினார்கள், அணைகளில் மீன் ஏறுவதற்குப் படிகள் கட்டினார்கள். 2008இல் பாசலில் தூண்டில் போட்ட ஒருவருக்கு, பல பத்து வருடங்களுக்குப் பிறகு, ஒரு சால்மன் மாட்டியது.