நெட் ஹன்லன் பேசுகிறேன்

என் பெயர் எட்வர்ட் ஹன்லன். எல்லாரும் நெட் என்றே அழைப்பார்கள். 1855ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி கனடாவின் டொரோண்டோ நகரில் பிறந்தேன். நகருக்கு எதிரே உள்ள தீவில் அப்பா ஹோட்டல் நடத்தினார். பள்ளிக்குப் போக நீங்கள் பேருந்தில் ஏறுவீர்கள். நான் படகில் ஏறித் துடுப்புப் போட்டேன்.

அக்காலத்தில் துடுப்புப் படகுப் போட்டிக்கு, இன்று காற்பந்துக்கு இருப்பதைப் போன்ற மவுசு. கரையோரம் ஆயிரக்கணக்கானோர் திரள்வார்கள். பந்தயப் பணமும் புரளும். அந்தப் போட்டியில் நான் சிறிய ஆள். உயரம் சுமார் 174 செண்டிமீட்டர், எடை சுமார் 68 கிலோ.

அப்போதுதான் நகரும் இருக்கை புழக்கத்திற்கு வந்திருந்தது. அதை நான் கண்டுபிடிக்கவில்லை. முழுமையாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டேன். முழங்காலை மடக்கி முன்னே நகர்ந்து, காலால் உந்திப் பின்னே செல்ல வேண்டும். கையும் முதுகும் செய்த வேலையில் காலின் பலமும் சேர்ந்தது. ஒவ்வோர் இழுப்பும் நீண்டது.

1877இல் கனடா, 1878இல் அமெரிக்கா, 1879இல் இங்கிலாந்து என வெற்றியாளர் பட்டங்கள் வந்தன. 1880 நவம்பர் 15ஆம் தேதி லண்டன் தேம்ஸ் நதியில் ஆஸ்திரேலியாவின் எட்வர்ட் டிரிக்கெட்டை வென்று உலக வெற்றியாளரானேன். அவர் உயரம் சுமார் 193 செண்டிமீட்டர்! கனடா தனி நாடாக உருவாகி அப்போது 13 ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த இளம் நாடு என் வெற்றியைத் தன் வெற்றியாகக் கொண்டாடியது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். முந்திச் செல்லும்போது நடுவழியில் படகை நிறுத்தி, எதிராளிக்காகக் காத்திருப்பேன், கூட்டத்திற்குக் கையசைப்பேன். கூட்டம் ரசித்தது. தோற்றவருக்கு எப்படி இருந்திருக்கும்? 1884இல் அது எனக்கும் புரிந்தது. சிட்னியின் பாரமட்டா நதியில் வில்லியம் பீச் என்ற கொல்லர் என்னைத் தோற்கடித்தார். 1885, 1887 ஆகிய ஆண்டுகளிலும் அவரிடமே தோற்றேன்.

ஆனாலும் துடுப்பை விடவில்லை. 1897இல் டொரோண்டோ பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பயிற்சியாளரானேன். பிறகு நகர மன்ற உறுப்பினராகவும் இருந்தேன். 1908 ஜனவரி 4ஆம் தேதி, 52 வயதில் என் வாழ்க்கை முடிந்தது. 1926இல் எனக்குச் சிலை எழுப்பினார்கள். நான் வளர்ந்த தீவின் ஒரு முனைக்கு இன்றும் ஹன்லன் முனை என்றே பெயர்.

மாணவர்களே, உங்கள் உயரத்தை அளந்து பார்த்துத் தயங்காதீர்கள். நீங்கள் இன்னும் பயன்படுத்தாத பலம் எது என்று தேடுங்கள். எனக்கு அது என் கால்களில் இருந்தது.