மெண்டல் அடிகளார்

நீரிழிவு நோயால் வருந்துவோர்க்கு உயிர்காக்கும் மருந்தாகிய இன்சுலினை இக்காலத்தில் நுண்கிருமிகள் ஆக்கித் தருகின்றன எனின், கேட்போர் வியப்புறுவர். ஓர் உயிரின் மரபுக்கூற்றை எடுத்து மற்றோர் உயிரிற் பதிக்கும் இக்கலையை மூலக்கூற்று உயிரித் தொழில்நுட்பம் என்பர். இதற்கு அடிகோலியவர், மடத்துத் தோட்டமொன்றிற் பட்டாணி பயிரிட்ட துறவி ஒருவர். கிரிகோர் மெண்டல் என்னும் அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அக்காலத்து ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்ததும் இக்காலத்துச் செக் குடியரசில் உள்ளதுமாகிய ஹைன்சென்டார்ஃப் என்னும் சிற்றூரில், 1822-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், உழவர் குடியொன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோஹான் என்பது. வறுமை அவர்தம் கல்விக்கு இடையூறாயிற்று. அதுகண்ட தங்கை தெரேசியா, தமக்குரிய சீதனத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத் தமையனைப் படிப்பித்தார். அந்நன்றியை மறவாத மெண்டல், பிற்காலத்தில் அத்தங்கையின் மக்கள் கல்வி பெறத் துணைநின்றார்.

1843-இல் புரூன் நகரத்துத் தூய தோமையார் மடத்திற் சேர்ந்து, கிரிகோர் என்னும் துறவுப் பெயர் பூண்டார். 1850-இல் ஆசிரியர்க்குரிய தேர்வு எழுதித் தோல்வியுற்றார். மடத்தார் அவரை வியன்னாப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்ப, 1851 முதல் 1853 வரை ஆங்குப் பௌதிகமும் கணிதமும் தாவர நூலும் பயின்றார். எனினும் 1856-இல் மீண்டும் முயன்றபோதும் தேர்ச்சி கிட்டிற்றில்லை. தேர்வென்றால் நடுங்கும் மாணவராகிய நமக்கு இச்செய்தி ஆறுதல் அளிப்பதன்றோ!

அவ்வாண்டிலேயே அவர் தம் பெரும்பணியைத் தொடங்கினார். தாய் தந்தையரின் இயல்புகள் மக்களிடத்துப் பாலும் நீரும்போலக் கலந்துவிடும் என்பது அந்நாளில் பலருடைய கருத்து. மெண்டல் அதனைச் சோதிக்க விழைந்து, பட்டாணிச் செடியின் ஏழு இயல்புகளைத் தேர்ந்துகொண்டார். மலர்களின் மகரந்தப் பைகளைத் தம் கையாலேயே நீக்கி, வேறு செடியின் மகரந்தத்தை இட்டு விதை கொண்டார். 1863 வரை அவர் ஆராய்ந்த செடிகள் ஏறக்குறைய 28,000 ஆகும். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் இணைத்தபோது முதற்றலைமுறை முழுதும் உருண்டையாயிற்று. அடுத்த தலைமுறையிலோ, எண்ணிய 7,324 விதைகளுள் 5,474 உருண்டையாகவும் 1,850 சுருங்கியும் இருந்தன. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! ஆகவே, சுருக்கம் மறைந்திருந்ததேயன்றி அழிந்திலது. மரபுக்கூறுகள் ஒன்றிற் கரைந்துபோகாத தனிப்பொருள்கள் என்பதே அவர் கண்ட உண்மை.

இதனை அவர் 1865-இல் புரூன் நகரத்து இயற்கை ஆராய்ச்சிக் கழகத்தில் எடுத்துரைத்தார். மறு ஆண்டு அச்சிடப்பெற்றது. மியூனிக் நகரத்துப் பேராசிரியர் நேகலி என்பார்க்கும் எழுதினார். அவரும் அதன் அருமையை உணர்ந்திலர். 1868-இல் மெண்டல் மடத்தலைவரானார். மடத்தின்மீது அரசாங்கம் விதித்த வரியை எதிர்த்து நெடுங்காலம் வழக்காடினார். 1884-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். மடத்தலைவரை இழந்ததற்கு நகரத்தார் வருந்தினர். ஒரு பெரும் விஞ்ஞானியை இழந்ததை அறிந்தவர் அரியர். 1900-இல் டி விரீஸ், கோரென்ஸ், செர்மாக் என்னும் மூவர் வாயிலாக அவர்தம் கட்டுரை மறுவாழ்வு பெற்றது.

அக்கூறுகள் டி.என்.ஏ. என்னும் பொருளால் ஆயவை என்பதை 1944-இல் ஏவரி முதலியோர் நுண்கிருமிகளிடத்துக் காட்டினர். 1953-இல் வாட்சன், கிரிக் என்போர் அதன் இரட்டைச் சுருள் வடிவை வெளியிட்டனர். 1973-இல் கோஹென், போயர் என்னும் இருவர், நொதியைக் கத்திபோற் கொண்டு டி.என்.ஏ.யை வெட்டி, வளைய வடிவான வேறொரு டி.என்.ஏ.யில் ஒட்டி, நுண்கிருமியினுட் செலுத்தினர். கிருமி பெருகுந்தோறும் அக்கூறும் பெருகிற்று. இம்முறையால் 1978-இல் மனித இன்சுலின் ஆக்கப்பெற்று, 1982-இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்குமுன் மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்தே அது எடுக்கப்பட்டு வந்தது. மெண்டலின் சுருங்கிய பட்டாணியின் மறைபொருளும் 1990-இல் வெளியாயிற்று: மாச்சத்தை ஆக்கும் நொதிக்குரிய மரபணுவில் அயலான டி.என்.ஏ. துண்டொன்று புகுந்து அதனைப் பழுதாக்கியிருந்தது. மரபுக்கூறு பாலும் நீரும்போற் கலப்பதாயின், அதனைப் பிரித்தெடுத்துப் பிறிதோர் உயிரில் வைத்தல் எங்ஙனம் கூடும்?

விதைத்த அடிகளார் அறுவடையைக் கண்டாரில்லை. எனினும், காண்பார் இல்லாதபோதும் விதைகளைப் பொறுமையோடு எண்ணி எழுதிவைத்த அவ்வுள்ளத்தின் பயனை இன்று எண்ணிறந்த நோயாளர் நுகர்கின்றனர். நண்பர்காள்! புகழை நோக்காது கடமையை நோக்கி உழைக்கும் அப்பெற்றியை நாமும் மேற்கொள்வோமாக.