தந்தை செல்வாவும் பங்கு போடப்படாத அதிகாரமும்

புத்தாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதித் தாருங்கோ என்று எங்கட சங்கத்தார் கேட்டபோது, நான் அதிகம் யோசிக்கவில்லை. சித்திரை மாதம் என்றால் எனக்குத் தந்தை செல்வாதான் நினைவுக்கு வருவார். அவர் கையெழுத்து வைத்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது 1958 சித்திரை 9ல். அவருடைய கட்சி தனித் தபால் சேவை தொடங்கியது 1961 சித்திரை 14ல். அவர் கண்மூடியது 1977 சித்திரை 26ல்.

சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் 1898 பங்குனி 31ல் மலாயாவில் ஈப்போ நகரில் பிறந்தவர். நாலு வயதளவில் தாயாருடன் தெல்லிப்பழைக்கு வந்துவிட்டார். அமெரிக்க மிசனரிமார் 1816ல் வந்து குடியேறிப் பள்ளிக்கூடம் வைத்த ஊர் அது. யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் சென் ஜோன்ஸ், கொழும்பு சென் தோமஸ் என்று படித்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். சில காலம் ஆசிரியராக இருந்து, பின் சட்டம் படித்து 1923ல் அப்புக்காத்து ஆனார். சிவில் வழக்குகளில் பேரெடுத்தவர். மேடையில் முழங்குகிற ஆளல்ல. மெல்லிய உடம்பு, அதைவிட மெல்லிய குரல்.

1944ல் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களுடன் தமிழ்க் காங்கிரசைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். 1947ல் காங்கேசன்துறை மக்கள் இவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949ல் வந்த சட்டங்களோடு மலையகத் தமிழர் பல இலட்சம் பேர் நாடும் இல்லாமல் வாக்கும் இல்லாமல் நின்றார்கள். 1947ல் இலங்கை இந்தியக் காங்கிரசில் 7 பேர் வென்றிருந்தார்கள். 1952ல் ஒருவர்கூட இல்லை. தமிழ்க் காங்கிரஸ் அரசாங்கத்துடன் சேர்ந்தபோது செல்வநாயகமும் வன்னியசிங்கமும் டாக்டர் நாகநாதனும் பிரிந்து வந்து, 1949 மார்கழி 18ல் இலங்கைத் தமிழரசுக் கட்சியை ஆரம்பித்தார்கள். இவர்கள் மூவரும் கேட்டது சமஷ்டி.

சமஷ்டி என்ற சொல்லை ஊரில் கனபேர் பிழையாக விளங்கிக்கொண்டார்கள். அமெரிக்காவை எடுத்துப் பாருங்கள். அங்கே ஜனாதிபதியிடம் ஒரு பங்கு, காங்கிரசிடம் ஒரு பங்கு, நீதிமன்றத்திடம் ஒரு பங்கு. அதோடு ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தச் சட்டசபை. ஏறத்தாழ நாலு கோடி சனம் வாழும் கலிபோர்னியாவுக்கும் செனற்றில் இரண்டு பேர். ஆறு இலட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு பேர். அரசியலமைப்பைத் திருத்துவதென்றால் 50 மாநிலங்களில் 38 சம்மதிக்க வேண்டும்.

சோல்பரி அரசியலமைப்பிலும் எங்களுக்கு ஒரு செனற் சபை இருந்ததுதான். ஆனால் அதன் 30 பேரில் 15 பேரைக் கீழ்ச்சபை தெரிந்தது. மற்ற 15 பேரை மகாதேசாதிபதி நியமித்தார். வடக்குக்கென்றோ கிழக்குக்கென்றோ அதில் இடமில்லை. 1971ல் அதையும் ஒழித்துவிட்டார்கள். பெரும்பான்மை ஒரு சபையில் நினைத்தால் எதையும் செய்யலாம் என்பதுதான் செல்வா கண்ட வருத்தம்.

1952ல் அவர் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். 1956ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது, காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடிவாங்கினார்கள். அந்த வருடத் தேர்தலில் தமிழரசுக் கட்சி 10 இடங்களை வென்றிருந்ததால், பிரதமர் பண்டாரநாயக்கா பேச வேண்டியதாயிற்று. இலங்கைக்குச் சமஷ்டியே பொருத்தம் என்று 1926ல் எழுதியும் பேசியும் வந்தவர் இதே பண்டாரநாயக்காதான்!

1957 ஆடி 26ல் பண்டா - செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானது. செல்வா கேட்ட சமஷ்டி அதில் இல்லை. பிரதேச சபைகள்தான் இருந்தன. வடக்குக்கு ஒன்று, கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ. விரும்பினால் அவை ஒன்று சேரலாம். அங்கத்தவர்களை மக்களே நேரடியாகத் தெரிவார்கள். கல்வி, சுகாதாரம், விவசாயம், மீன்பிடி, வீதி, காணி, குடியேற்றம் எல்லாம் அவற்றின் கையில். வரி போடவும் கடன் வாங்கவும் உரிமை. ஆனால் இந்த ஒப்பந்தம் சட்டமாகவே இல்லை. எதிர்க்கட்சி கண்டிக்கு நடைபயணம் வெளிக்கிட்டது. அடுத்த சித்திரையில் பிக்குமார் பிரதமரின் வீட்டு வாசலில் வந்து இருந்தார்கள். ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது. சில கிழமைகளில் 1958 கலவரம்.

1961ல் கச்சேரிகளுக்கு முன்னால் சத்தியாக்கிரகம். வடக்குக் கிழக்கில் அரச நிர்வாகமே நின்றுபோனது. சித்திரையில் தபால் சேவை தொடங்கி மூன்று நாளில் அவசரகாலச் சட்டம் வந்தது. செல்வாவையும் மற்றத் தலைவர்களையும் பிடித்துப் பனாகொடை இராணுவ முகாமில் அடைத்தார்கள்.

1965ல் டட்லி சேனநாயக்காவுடன் இன்னொரு ஒப்பந்தம். இம்முறை மாவட்ட சபைகள், 1957ல் ஒத்துக்கொண்டதிலும் குறைவு. அதுவும் 1968ல் கைவிடப்பட்டது. நீதிமன்றப் பக்கமும் வழி திறக்கவில்லை. அரச எழுதுவினைஞர் கோடீஸ்வரன், சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து 1964ல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். மேல்முறையீட்டில் வழக்கு வேறு காரணங்களில் இழுபட்டு, சட்டம் செல்லுமா என்ற கேள்விக்கு விடையே வரவில்லை.

1972 அரசியலமைப்பு, சிறுபான்மையினருக்கு இருந்த 29ம் பிரிவையும் நீக்கியது. செல்வா தன் பாராளுமன்ற இடத்தைத் துறந்து, மக்கள் தீர்ப்புச் சொல்லட்டும் என்று சவால் விட்டார். அரசாங்கம் இடைத்தேர்தலை இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. 1975 மாசி 6ல் நான் முதன்முதல் போட்ட வாக்கு அந்தத் தேர்தலில்தான். அதற்கு முன் ஒரு கூட்டத்தில் ஐயாவைத் தூரத்தில் நின்று பார்த்தேன். பார்க்கின்சன் நோயால் தளர்ந்த உடம்பு. அவர் பேசியது நான் நின்ற இடத்துக்குக் கேட்கவேயில்லை. ஆனாலும் சனம் அசையாமல் நின்றது. 16,000க்கும் மேலான வாக்குகளால் வென்றார். மறுவருடம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. 27 வருடம் பங்கு கேட்டு அலுத்த மனிதர் அதற்குத் தலைமை தாங்கினார். அடுத்த சித்திரையில் காலமானார்.

அவரில் எனக்கு ஒரு குறையும் உண்டு. கட்சிக்கு ஆங்கிலத்தில் சமஷ்டிக் கட்சி என்றும் தமிழில் தமிழரசு என்றும் பெயர் வைத்தார்கள். எதிரிகள் தமிழ்ப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு, சமஷ்டி என்றால் பிரிவினை என்று சிங்களக் கிராமங்களுக்குச் சொன்னார்கள். அந்தக் கிராமத்தவனுக்கு இதில் உனக்கும் நன்மை இருக்கிறது என்று போய் விளக்க ஆளிருக்கவில்லை. இரண்டு தலைவர்கள் அறைக்குள் வைக்கிற கையெழுத்து, வாக்காளர் மனதில் ஏறாவிட்டால் நிலைக்காது.

இனி நாங்கள் இருக்கும் நாட்டைப் பாருங்கோ. இட்லர் 1934ல் மாநிலங்களின் அதிகாரத்தைப் பறித்தான். அந்தப் பாடத்தைப் படித்த ஜேர்மனியர், 1949ல், அதாவது தமிழரசுக் கட்சி பிறந்த அதே வருடத்தில், மாநில அமைப்பை எந்தப் பெரும்பான்மையும் ஒழிக்க முடியாது என்று அரசியலமைப்பின் 79ம் பிரிவில் எழுதிவைத்தார்கள். கெல்சென்கிர்ச்சனில் எங்கட பிள்ளைகளின் பாடத்திட்டமும் பள்ளி விடுமுறையும் டுசல்டோர்பில் தீர்மானிக்கப்படுகின்றன, பெர்லினில் அல்ல. பொலிசும் மாநிலத்தினுடையது. அசூல் மறுக்கப்பட்ட ஒரு நாட்டவரைத் திருப்பி அனுப்புவதை மூன்று மாதம் வரை நிறுத்திவைக்கவும் மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. விசா நீட்டிப்புக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் காத்திருந்த எங்களுக்கு அந்த மூன்று மாதத்தின் பெறுமதி தெரியும்.

ஒரு தலைவர் நல்ல மனதோடு தருவதை அடுத்தவர் பறித்துவிடலாம். சட்டத்தில் ஊன்றி, நீதிமன்றமும் காவல் நிற்கிற பங்கை அப்படிப் பறிப்பது கடினம். செல்வாவின் வாழ்க்கை எனக்குச் சொன்னது இதைத்தான்.

மலையக மக்களின் வாக்கைப் பறித்த அன்று தொடங்கியது அவருடைய பயணம். ஆகவே ஜேர்மன் பிரஜாவுரிமை எடுத்தவர்கள் தேர்தல் நாளில் வீட்டில் இருந்துவிடாதீர்கள். இங்கே நகரசபைத் தேர்தலில் 16 வயதிலேயே வாக்குப் போடலாம். உங்கட பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கோ.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.