வண்டியில் வந்த வேளாண் பள்ளி

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்றதும் பலருக்கு நிலக்கடலைதான் நினைவுக்கு வரும். கடலையிலிருந்து 300 பொருள்கள் செய்தவர், கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் என்று நீங்களும் கேள்விப்பட்டிருக்கலாம். ஆனால் கடலை வெண்ணெய் அவருக்கு முன்பே இருந்தது. அவர் பெற்ற காப்புரிமைகள் மூன்றே. அலபாமாவின் ஏழை உழவர்கள் அவரைத் தங்களவராக நினைத்ததற்குக் காரணம் வேறு.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், 1864-ஆம் ஆண்டு வாக்கில், அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் கார்வர். அடிமைக் குழந்தை என்பதால் பிறந்த நாளை யாரும் குறித்து வைக்கவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது கொள்ளையர் தாயையும் பிள்ளையையும் தூக்கிச் சென்றனர். பிள்ளை மட்டும் திரும்பக் கிடைத்தது. வளர்ந்தபின், கறுப்பர் என்ற காரணத்தால் கன்சாஸில் ஒரு கல்லூரி அவருக்கு இடம் மறுத்தது. துணி துவைத்துக் கொடுத்துப் படித்தார். அயோவா வேளாண் கல்லூரியில் 1894-ல் இளநிலைப் பட்டமும் 1896-ல் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

அதே 1896-ல் புக்கர் டி. வாஷிங்டன் அழைக்க, அலபாமாவில் கறுப்பின மக்களுக்கான டஸ்கீகி கல்வி நிறுவனத்துக்குச் சென்றார். சுமார் 47 ஆண்டுகள், இறக்கும் வரை அங்கேயே பணியாற்றினார்.

அங்கே அவர் பார்த்தது, ஆண்டுதோறும் பருத்தியே போட்டுச் சத்து இழந்த நிலம். உழுதவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள். விதைக்கும் உரத்துக்கும் கடன். அறுவடை முடிந்து கடனை அடைத்தால் கையில் மிச்சமில்லை. இவர்களிடம் போய் இன்னும் உரம் வாங்குங்கள் என்று சொல்லி என்ன பயன்?

அதனால் காசு கொடுத்து வாங்க வேண்டாத பொருள்களைத் தேடினார். காட்டுச் சருகையும் சதுப்பு நிலச் சேற்றையும் மட்க வைத்து வயலில் இடச் சொன்னார். பருத்தியோடு தட்டைப்பயறு, நிலக்கடலை, சர்க்கரைவள்ளி ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பயிரிடச் சொன்னார். பயறும் கடலையும் வேர் முடிச்சுகள் வழியாகக் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொள்ளும். வீட்டில் சாப்பாட்டுக்கும் ஆகும்.

விளைந்த கடலையை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அதற்கும் வழி சொல்ல வேண்டியவர் தானே என்று எண்ணினார். கடலையைப் பயிரிடும் முறையோடு, அதைச் சமைக்க 105 வழிகளையும் சேர்த்து 1916-ல் ஒரு கையேடு வெளியிட்டார். அவரைப் புகழடையச் செய்த கடலை ஆராய்ச்சி, உழவரின் இந்தத் தேவையிலிருந்து வளர்ந்ததுதான்.

கல்லூரிக்கு வர முடியாத உழவர்களுக்காக 1906-ல் ஒரு வண்டி புறப்பட்டது. பணம் கொடுத்த ஜெசப் என்பவரின் பெயரால் ஜெசப் வண்டி என்று அழைக்கப்பட்டது. கருவிகளும் விதைகளும் ஏற்றி ஊர் ஊராகச் சென்று செயல்விளக்கம் காட்டியது. அதை நடத்திய தாமஸ் கேம்பெல், அமெரிக்க வேளாண் துறையின் முதல் கறுப்பின விரிவாக்க அலுவலர் ஆனார். விரிவாக்கப் பணியில் இருப்பவர்களே, உங்கள் வேலையின் முன்னோடிகளில் அந்த வண்டியும் ஒன்று.

கார்வர் திருமணம் செய்துகொள்ளவில்லை. பழைய கோட்டும் அதில் செருகிய பூவும்தான் அவர் அடையாளம். தன் சேமிப்பை ஆராய்ச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தார். 1943 ஜனவரி 5-ல் மறைந்த அவரை, வாஷிங்டன் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்தனர். அவர் பிறந்த பண்ணையை அதே ஆண்டு அமெரிக்க அரசு தேசிய நினைவிடமாக அறிவித்தது.

நாமும் அவருக்கு மரியாதை செய்யலாம். பருத்தியோ மக்காச்சோளமோ தொடர்ந்து போட்டுக் களைத்த வயல் உங்களிடம் இருந்தால், ஒரு பருவம் தட்டைப்பயறு விதையுங்கள். விதையை ரைசோபியம் கொண்டு நேர்த்தி செய்யுங்கள். காய் பறித்தபின் செடியை அப்படியே மடக்கி உழுதுவிடுங்கள். அலுவலர்கள் ஒன்றைப் பரிந்துரைக்கும் முன், அதைச் செய்ய அந்த உழவர் கையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேளுங்கள். கார்வரின் வேலை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது.